ஏலாது என்பது மறுப்பல்ல

திருகோணமலை நீதிமன்ற வட்டாரத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ஏழரை. ஏழரைச் சனியைச் சுருக்கி வைத்த பெயர். ஒரு சட்டத்தரணி என் வீட்டுப் படலையைத் திறந்தால் அவருக்குச் சனி பிடித்துவிட்டது என்று ஊருக்கு விளங்கிவிடும். கட்சிக்காரர் யாராவது தன் சட்டத்தரணி தொழில் ஒழுக்கம் தவறிவிட்டார் என்று கொழும்புக்கு முறைப்பாடு எழுதினால், முறைப்பாடு வாங்கிய அந்த மனுசனுக்காக வாதாடுவதுதான் என் வேலை. காணி வழக்கும் களவு வழக்கும் பேசினேன்தான். ஆனால் ஊர் என்னை அவற்றுக்காக நினைவில் வைத்திருக்கவில்லை.

போன மாதம் இரண்டு இளம் சட்டத்தரணிகள் பாலையூற்றில் இருக்கிற என் வீட்டுக்கு வந்தார்கள். பட்டப்பகலில், முன்வாசலால் வந்தார்கள். அதிலேயே காலம் மாறிவிட்டது தெரிந்தது. இனி முறைப்பாடுகளைக் கணினியில் அனுப்பலாமாம், விசாரணையைத் திரையிலேயே நடத்தலாமாம், ஒருவரும் கொழும்புக்கு அலையத் தேவையில்லையாம். "ஐயா, உங்கட காலத்து அனுபவத்தை எங்கட ஆக்களுக்கு ஒரு அரை மணித்தியாலம் கதைக்க வேணும்" என்றார்கள். கதைக்க எழும்பினால் எனக்கு இருமல் வந்துவிடும், எழுதித் தருகிறேன் என்றேன். தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார்கள். எனக்கு அது பெரிய சந்தோசமாக இருந்தது.

ஏனென்றால் என் காலத்தில் என் வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடித்ததில்லை. முகம் தெரியாத மைம்மல் இருட்டில், குசினிப் பக்கத்துச் சின்ன ஒழுங்கையால் வருவார்கள். அழுவார்கள், சத்தம் போடுவார்கள், மனைவிக்குத் தெரியாது என்பார்கள். வழக்கு வென்றபிறகு வீதியில் கண்டால் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். நான் குறை சொல்லவில்லை. தான் அழுததைப் பார்த்த ஒருவனோடு யார்தான் நின்று கதைப்பார்? வருடாந்த விருந்துகளில் என் இரண்டு பக்கத்துக் கதிரைகளும் கடைசிவரை வெறுமையாகவே இருக்கும். பக்கத்தில் இருந்தால் "அவருக்கு என்ன பிரச்சினையாம்?" என்று கதை கிளம்பிவிடும். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? சண்டை தொடங்கிய காலத்தில் மனைவியும் மகளும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். பின்னால் வருகிறேன் என்றேன், போகவில்லை. மனைவி அங்கேயே காலமானாள். உள்துறைமுகத்தைப் பார்த்த மாதிரி இருந்த என் அலுவலக அறையில் பைல்களும் நானும்தான். பின்நேரங்களில் எங்கள் நகரத்தில் திரிகிற மான்கள் ஒழுங்கையில் வந்து நிற்கும். அவற்றோடு கதைத்திருக்கிறேன் என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. தனிமை என்னைத் தின்றது, அதுதான் உண்மை.

என் படிப்பை ஒரு வரியில் தாண்டிவிடலாம்: படித்தேன், இரண்டாம் தரம் பாஸ் பண்ணினேன், கறுப்புக் கோட்டுத் தைத்தேன். இந்த வேலையைக் கற்றது கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், அருமைநாயகம் ஐயாவிடம். அவர் கொழும்பில் சட்டத்தரணிகளுக்காக வாதாடிய பெரியவர். அவருடைய மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள் இருக்கும். ஒன்று அவருடைய கதிரை மாதிரியே உயரமான கைக்கதிரை, சக சட்டத்தரணிகள் வந்தால் இருப்பதற்கு. மற்றது கால் கட்டையான பிரம்புக் கதிரை, கட்சிக்காரருக்கு. முறைப்பாடு வாங்கிய சட்டத்தரணி வந்ததும் உரிமையோடு உயரக் கதிரையில் இருந்து, கால்மேல் கால் போட்டு, சட்டப் பிரிவுகளைச் சொல்லத் தொடங்குவார். ஐயா ஒன்றும் பேசமாட்டார். பேனையை மூடி வைத்துவிட்டு யன்னலைப் பார்ப்பார். அந்த ஆள் பேசிக் களைத்து, வியர்த்து, என்னையும் பார்த்து, கடைசியில் தானாகவே எழும்பிக் கட்டைக் கதிரைக்கு மாறுவார். அப்போதுதான் ஐயா பேனையைத் திறப்பார்.

"தம்பி, இவையளுக்குத் தாங்கள் கட்சிக்காரர் எண்டு விளங்கோணும். விளங்காத வரைக்கும் அவையைக் காப்பாத்த ஏலாது" என்பார்.

அவருடைய முதல் கேள்வி "செய்தீரா?" என்பதல்ல. "இதை வேற ஆருக்குச் சொன்னீர்?" என்பதுதான். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். சட்டத்தரணிக்கு வாய் சும்மா இராது. என்னிடம் வருவதற்கு முன்னமே மூன்று நண்பர்களுக்கு மூன்று விதமான நியாயம் சொல்லியிருப்பார். அதில் எது எங்கே போய் நிற்குதென்று தெரியாமல் நான் பதில் எழுத முடியாது. அடுத்தது, அவர் தானே எழுதி வைத்திருக்கிற பதிலை வாங்கிக் கிழிப்பது. தனக்குத் தானே எழுதும் பதில் எப்போதும் நீளமாக இருக்கும், கோபமாக இருக்கும். ஒழுக்காற்றுக் குழுவில் இருக்கிற மூன்று பேரும் வேலைப்பளு உள்ள மூத்தவர்கள். கோபத்தை வாசிக்க அவர்களுக்கு நேரமில்லை. ஒரு பக்கத்தில் பதில் எழுத வேண்டும், அதில் பெயரடையே இருக்கக்கூடாது.

ஒரு தரம் எங்கள் நீதிமன்றத்தில் ஒரு சட்டத்தரணி தன் கட்சிக்காரரைப் பார்த்து, சனம் நிற்கிற விறாந்தையில், "நீர் ஒரு விசரன்" என்று கத்திவிட்டார். முறைப்பாடு போனது. இவர் எனக்குக் கொண்டுவந்த பதில் பதினொரு பக்கம், முழுக்க அந்த மனிதர் விசரன்தான், பைத்தியம்தான் என்பதற்கு ஆதாரம். கிழித்துப்போட்டு, "சொன்னேன். கோபத்தில் சொன்னேன். வருந்துகிறேன்" என்று எழுதி அனுப்பினேன். கட்சிக்காரர் அதை வாசித்துவிட்டு முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றார். அத்தோடு என்னிடம் வந்து, "அவர் சொன்னது சரிதான் ஐயா, நான் பாத்தது விசர் வேலைதான்" என்றார். இப்படிச் சிரிக்கவும் சில இருந்தன.

ஞானசேகரத்தின் வழக்கு அப்படிப்பட்டதல்ல.

தொண்ணூறுகளில் ஒரு வருடம். ஞானம் என்னைவிடப் பத்து வயது இளையவர், அன்புவழிபுரத்தில் குடும்பத்தோடு இருந்தார். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபடுகிற பிள்ளைகளுக்காக நீதவான் முன்னால் எழும்பி நிற்க அப்போது ஊரில் அதிகம் பேர் இல்லை. அவர் நின்றார். அவர் மேல்தான் முறைப்பாடு. எழுதியது கப்பல்துறையைச் சேர்ந்த பூரணம் என்ற தாய். அவருடைய மகன் தவராசா சுற்றிவளைப்பில் பிடிபட்டு மறியலில் அடைபட்டிருந்தான். அவனை வேறு இடத்துக்கு மாற்றவேண்டாம், இங்கேயே வைத்திருக்க வேண்டும் என்று கேட்பதற்காக நீதவான் முன்னால் ஒரு தவணை நாள் போடப்பட்டிருந்தது. அந்தத் தவணைக்கு ஞானம் வரவில்லை. கேட்க ஆளில்லாததால் அன்றைக்கே தவராசாவைக் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லவில்லை.

பொறுப்பெடுத்த வழக்கில், தக்க காரணமில்லாமல் வர மறுப்பது எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அதனால் ஒருவர் சிறைக்கோ அதைவிட மோசமான இடத்துக்கோ போயிருந்தால், பெயரேட்டிலிருந்து சட்டத்தரணியின் பெயரை வெட்டவும் கூடும். வெட்டினால் ஞானத்தின் பிழைப்பு போகும். கப்பல்துறையில் நாளைக்குப் பிடிபடுகிறவனுக்கு எழும்பி நிற்க ஆளும் இல்லாமல் போகும்.

ஞானம் என்னிடம் வந்தபோது நேராகவே கட்டைக் கதிரையில் இருந்தார். நானும் ஐயாவைப் போல இரண்டு கதிரைகள் வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"இதை வேற ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணை. மனிசிக்கு மட்டும் தெரியும்."

"ஏன் போகேல்லை?"

"முதல்நாள் பின்நேரம் வீட்டுக்கு வந்தவை. நாளைக்குக் கோட்டுப் பக்கம் போகவேண்டாம் எண்டவை. சின்னவளின்ர தலையைத் தடவிப்போட்டுப் போனவை."

"ஆர்?"

"அதைக் கேக்காதீங்கோ அண்ணை."

நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் திருகோணமலையில் வருகிறவர்கள் பல வகையாக இருந்தார்கள். யார் என்று சொன்னாலும் சொன்னவருக்கு ஆபத்து, கேட்டவருக்கும் ஆபத்து. குழுவின் முன்னால் அச்சுறுத்தல் என்று ஒரு சொல் சொன்னாலே அடுத்த கேள்வி "யார்?" என்பதுதான். அது பதிவாகும். பதிவானது எப்படியும் ஊருக்கு வந்து சேரும்.

கூட வந்திருந்த ஞானத்தின் மனைவி பின்னால் நின்று, "ஒரு டொக்டரிட்டக் காய்ச்சல் எண்டு சான்று எடுக்கலாம்தானே?" என்றார். ஞானம் திரும்பாமலே சொன்னார்:

"பொய்க் கடதாசியோட போய் நிண்டா, பிறகு நான் ஆருக்காகவும் எழும்பி நிக்க ஏலாது."

எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது. ஆத்திரமும் வந்தது. உண்மையையும் சொல்லக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. பிறகு எதை வைத்து வாதாடுவது? அவர் போனபிறகு முறைப்பாட்டின் தமிழ் மூலத்தை எடுத்துத் திரும்பத் திரும்ப வாசித்தேன். கொழும்பில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்தேன். மொழிபெயர்ப்பில், சட்டத்தரணி வர மறுத்தார் என்றிருந்தது. பூரணம் எழுதுவித்தது அப்படியல்ல. "நாளைக்கு வருவீங்களோ எண்டு கேட்டன். ஏலாது அம்மா எண்டு சொல்லிப்போட்டார்" என்றுதான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் பிறந்தவனுக்கு இது போதும். மாட்டன் என்பது வேறு, ஏலாது என்பது வேறு. மாட்டன் என்றால் மனம் இல்லை. ஏலாது என்றால் மனம் இருக்கிறது, வழி இல்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வைக்க வந்தால் ஏலாது என்கிறோம். வருத்தம் வந்து பாயில் விழுந்தால் ஏலாமல் கிடக்கு என்கிறோம். சென்றியில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்தால் இனிப் போக ஏலாது என்கிறோம். எதனால் ஏலாது என்பதைச் சொல்லாமலே முடிந்துவிடுகிற சொல் அது. அந்தக் காலத்துக்கு மிகவும் வசதியான சொல்லாக இருந்தது.

விசாரணைக்குக் கொழும்பு போக அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு பஸ். ஞானம் யன்னலோரம், நான் நடுவில், என் பக்கத்து இருக்கை வழக்கம்போல வெறுமை. கப்பல்துறை சென்றியில் எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, நடக்கவைத்து, மறுபடி ஏற்றினார்கள். அந்த இடத்தில் ஏறிய பூரணம் வெறுமையாக இருந்த அந்த இருக்கையில் வந்து இருந்தார். முறைப்பாட்டுக்காரி, எதிராளி, எதிராளியின் சட்டத்தரணி மூன்று பேரும் ஒரே வரிசையில்! வழக்கைப் பற்றி நான் அவரோடு கதைக்கக்கூடாது. கதைக்கவில்லை. ஹபரணையில் பஸ் நின்றபோது அவர் வாழையிலைப் பொதியை அவிழ்த்து, இடியப்பத்தை மூன்றாகப் பிரித்தார். எதிர்த்தரப்பிடம் இடியப்பம் வாங்கித் தின்னலாமா என்று எந்த விதியிலும் எழுதியில்லை. தின்றேன். ஞானமும் தலையைக் குனிந்துகொண்டு தின்றார்.

குழுவின் தலைவர் சிங்களவர், வயதானவர், மிகவும் மரியாதையான மனிதர். முறைப்பாட்டைத் தானே எழும்பி நின்று உரத்து வாசித்துத்தான் விசாரணையைத் தொடங்குவார். மற்றவர்களிடம் கொடுக்கமாட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நித்திரை என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

நான் பூரணத்தைத் தமிழில் கேட்டேன், மொழிபெயர்ப்பாளர் அதைக் குழுவுக்குச் சொன்னார்.

"அம்மா, அவர் 'வரமாட்டன்' எண்டு சொன்னவரோ?"

"இல்லை. 'ஏலாது' எண்டவர்."

"உங்கட ஊரில மாட்டன் எண்டதும் ஏலாது எண்டதும் ஒண்டோ?"

"அதெப்பிடி ஐயா ஒண்டாகும்?"

அவ்வளவுதான் என் கேள்விகள். பிறகு பந்தியையும் வருத்தத்தையும் சென்றியையும் குழுவுக்கு விளங்கப்படுத்தினேன். மறுப்பு என்ற சொல் கொழும்பு மொழிபெயர்ப்பில் பிறந்தது, திருகோணமலையில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை என்றேன். இடப்பக்கம் இருந்த உறுப்பினர் விடவில்லை.

"சரி, மறுக்கவில்லை. அப்படியானால் அவரைத் தடுத்தது எது?"

நான் பயந்திருந்த கேள்வி அதுதான். "அதைச் சொல்ல என் கட்சிக்காரருக்கு ஏலாது" என்றேன். தலைவர் கண்ணைத் திறந்தார். ஞானம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தொழில் அந்த இடத்தில் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. மொழிபெயர்ப்பாளர், தன் கடமையென்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் கேள்வியைப் பூரணத்துக்கும் தமிழில் சொன்னார்.

பூரணம் ஞானத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயாவுக்குக் காய்ச்சல். போர்வை போத்துக்கொண்டு இருந்தவர். நான் கண்டனான். மகனை நினைச்சு வந்த கோவத்தில அதை எழுதுவிக்காமல் விட்டிட்டன்."

அந்தச் சாட்சியத்தை நான் கேட்டு வாங்கவில்லை. பொய் என்று எனக்குத் தெரியும், ஞானத்துக்கும் தெரியும். என் முடிவுரையில் அந்தக் காய்ச்சலை நான் தொடவே இல்லை, சொல்லைப் பற்றி மட்டும் பேசினேன். முறைப்பாட்டுக்காரியே இப்படிச் சொன்னபிறகு குழுவுக்கு வேறு வேலை இருக்கவில்லை. முறைப்பாடு தள்ளுபடியானது. ஞானத்தின் பெயர் பெயரேட்டில் நின்றது. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி எனக்கு இல்லை.

அடுத்தநாள் திரும்பி வரும்போதும் அதே வரிசைதான். ஞானம் கொழும்பு தாண்டும் முன்னமே நித்திரையாகிவிட்டார், எத்தனை மாதத்து நித்திரையோ. கந்தளாய்க் குளம் தெரிகிற இடத்தில் நான் கேட்டேன். வழக்கு முடிந்துவிட்டது, இனிக் கேட்கலாம்.

"ஏன் அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அவரையும் வீட்டில இருத்திப்போட்டா, நாளைக்கு எங்கட ஊரில ஆரையும் பிடிச்சா ஆரிட்ட ஐயா போறது?"

"அப்ப ஏன் முறைப்பாடு எழுதினனீங்கள்?"

அவர் சொன்னார்:

"நான் எழுதாத இடமில்லை ஐயா. ஒரு இடத்திலையும் இருந்து மறுமொழி வரேல்லை. இதுக்கு மட்டும்தான் இன்ன நாள் வாங்கோ எண்டு வந்தது. அந்தப் பெரிய ஐயா எழும்பி நிண்டு வாசிக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. பிள்ளையின்ர பேர் மட்டும் விளங்கினது. பிடிச்சுக்கொண்டு போனதுக்குப் பிறகு ஒரு கந்தோரில என்ர பிள்ளையின்ர பேரைச் சத்தமா வாசிச்சது அண்டைக்குத்தான்."

நான் யன்னலைப் பார்த்தேன்.

"இனி அது முடிஞ்சுதோ ஐயா? இனிக் கூப்பிட மாட்டினமோ?"

"முடிஞ்சுது அம்மா."

தம்பலகாமச் சந்தி தாண்டியது. அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயா, கோவிக்காதீங்கோ. உங்கட பேரில ஒண்டு போடட்டோ?"

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது, அது அழுகையாக முடிந்தது. பஸ்ஸுக்குள் சனம் பார்த்தது.

"என்ன குற்றம் எண்டு போடப் போறியள்?"

"எங்கட வாயில வாற ஒரு சொல்லைப் பற்றி அவ்வளவு கேட்டீங்கள். என்ர பிள்ளையைப் பற்றி ஒரு கேள்வியும் கேக்கேல்லை."

"உண்மைதான்" என்றேன். "போடுங்கோ அம்மா. பிள்ளையின்ர பேரை முதல் வரியிலேயே எழுதுவியுங்கோ."

கப்பல்துறையில் இறங்கிப் போனார். மழைக்காலம் முடிய, கொழும்பிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது, என் விளக்கத்தைக் கேட்டு. ஊரில் செய்தி பரவியது. ஏழரைக்கே ஏழரை என்று விறாந்தையில் சிரித்தார்கள். எனக்காக வாதாட வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை, ஞானமும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. "முறைப்பாடு உண்மை" என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். இது ஒழுக்கத் தவறு ஆகாது, தள்ளுபடியாகும் என்று எனக்குத் தெரியும். பூரணத்துக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனாலும் விசாரணைக்கு வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தார்.

தலைவர் வழக்கம்போல எழும்பி நின்று வாசிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே பெயர் வந்தது. அவருடைய வாயில் அது 'தவரஜா' என்று விழுந்தது. பூரணம் கதிரையை விட்டு எழும்பி, அந்த மூன்று பெரிய மனிதர்களுக்கும் கேட்கத்தக்கதாக, "அப்பிடியில்லை ஐயா. தவராசா" என்றார்.

தலைவர் வாசிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முதலிலிருந்து வாசித்தார், இந்தமுறை சரியாக.